எண்ணிம வானொலி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் ‘டிஜிட்டல் ரேடியோ இருக்கா?’ என்று கேட்டால், முள்ளுக்குப் பதிலாக எண்கள் எரியும் பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள். அதில் 102.8 என்று பளிச்சென்று தெரியும். அந்த எண்ணில் வரும் புதுச்சேரி ரெயின்போ நிலையமும் நன்றாகவே எடுக்கும். ஆனால் காற்றில் வருவது பழைய பண்பலைதான். எண் முகப்பில் மட்டும் இருக்கிறது. அதை எண்காட்டிப் பெட்டி என்று சொல்லிவிடலாம். எண்ணிம வானொலி, அதாவது உண்மையான டிஜிட்டல் ரேடியோ, வேறு.

லத்தீனில் டிஜிடுஸ் என்றால் விரல். விரல்விட்டு எண்ணியதால் அது இலக்கத்துக்குப் பெயராகி, டிஜிட்டல் ஆனது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். அந்த மொழியில் ‘டிஜித்தால்’ இன்னும் விரலை விடவில்லை. விரல்ரேகைக்கே அந்த அடைமொழி. இந்தத் தொழில்நுட்பத்துக்கு அவர்கள் எண்ணிலிருந்து ‘நியூமெரிக்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தமிழில் எண்ணிமம் போகும் வழியும் அதுவே.

போட்டிச் சொற்கள் உண்டு. இலங்கையில் இலக்கமுறை என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் நம் பக்கத்தில் இலக்கம் என்ற சொல்லே பேச்சில் அருகிவிட்டது. எண்முறையும் பொருந்தும், எண்திசை, எண்சாண் என்று எட்டைக் குறிக்கும் எண்ணோடு குழம்பும் என்பதுதான் என் தயக்கம். நாளிதழ்கள் எழுதும் மின்னணு மட்டும் வேண்டாம். தாத்தா காலத்து டிரான்சிஸ்டரும் மின்னணுக் கருவிதானே!

பழைய முறையில் ஒலியின் ஏற்ற இறக்கம் அப்படியே வானலையின் ஏற்ற இறக்கமாகப் போகும். எண்ணிம முறையில் ஒலியை முதலில் எண்களாக்கி, சுருக்கி, பிழை திருத்தும் குறிகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள். இந்தியாவில் ஆகாசவாணி இதற்கு டிஆர்எம் முறையைக் கையாள்கிறது. டிஜிட்டல் ரேடியோ மோந்தியால் என்பது அதன் விரிவு; மோந்தியால் பிரெஞ்சில் ‘உலகளாவிய’. சென்னையிலும் திருச்சியிலும் இதற்கான மத்திய அலை (மீடியம் வேவ்) பரப்பிகள் உள்ளன.

‘டிஜிட்டல்’ என்றாலே துல்லியம் என்று நினைப்பது தவறு. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடம்தான். பழைய முறையில் அதற்குள் நாகஸ்வரத்தின் மேல் ஒலிகள் அடங்காது, மழுங்கிவிடும். அதே இடத்தில் டிஆர்எம் ஏறக்குறைய பண்பலைத் தரம் தரும். மின்கம்பிக் கரகரப்பும் ஒலியில் ஏறாது. ஆனால் தரத்தை முடிவுசெய்வது நொடிக்கு எத்தனை பிட் ஒதுக்குகிறார்கள் என்பது. பிரிட்டனில் டிஏபி (DAB) என்ற இன்னோர் எண்ணிம வானொலி முறையில் பல நிலையங்கள் பிட்டைக் குறைத்து ஒற்றைத் தடத்தில் ஒலிபரப்புவதால், நல்ல பண்பலையே மேல் என்று நேயர்கள் குறைபட்டதுண்டு.

கிடைப்பதிலும் ஒரு சிக்கல். பழைய ஒலிபரப்பு தூரம் கூடக்கூட இரையும், மங்கும், ஆனாலும் காதைத் தீட்டினால் செய்தி புரியும். எண்ணிமத்தில் ‘கொஞ்சமாக எடுக்குது’ என்பதே கிடையாது. அலை ஓர் அளவுக்குக் கீழே போனால், விட்டுவிட்டுத் தடுமாறி, ஊமையாகிவிடும். புயல் வரும் கரையில் இது சின்ன விஷயமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரியில் ஓடும் பெட்டிதான் துணை. டிஆர்எம்மில் அபாய அறிவிப்பை எழுத்தாகவும் அனுப்பும் வசதி உண்டு என்பது உண்மை. அதைப் பெறும் கருவி வீட்டில் இருக்க வேண்டுமே! லட்சக்கணக்கான புதிய கார்களில் அது பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. தனிப் பெட்டியாகக் கடையில் கிடைப்பது அரிது. ஆகவே தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டைவிட, இசிஆரில் பறக்கும் கார்தான் எண்ணிம வானொலிக்கு இன்று அருகில் இருக்கிறது.

கைப்பேசிச் செயலியில் கேட்பதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது இணைய வானொலி; கைப்பேசிக் கோபுரம் சாய்ந்தால் அதுவும் போச்சு.