கையில் அடங்காவிட்டால் கடகம்

ஏஎல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணை, ஒரு சார்பு ஒரு பெறுமானத்தைத்தான் திருப்பும் எண்டு ரியூசனிலை நோட்ஸ் தந்தவை. ஆனா பைதனிலை ரிட்டர்ன் போட்டு, கொமா வைச்சு ரெண்டு மாறி எழுதினா ரெண்டும் வருகுதே, எது சரி?"

சார்பு என்பது கொடுத்ததை வாங்கி வேலை செய்து விடையைத் திருப்பும் நிரல் துண்டு, மாறி என்பது பெறுமானத்தை வைக்கும் பெயர், பைதன் ஒரு நிரல் மொழி. நோட்ஸும் சரி, தம்பி கண்டதும் சரி. ஏன் என்று அங்கேயே கேட்டிருக்கலாம், ஆனால் எங்கள் ரியூசன்களில் கேள்வி கேட்டால் சிலபஸ் முடியாது.

பைதனில் டிவ்மொட் என்றொரு சார்பு உண்டு, ஈவையும் மீதியையும் சேர்த்தே தரும். 137 கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பெட்டிக்கு 12 என்று அடுக்கினால் 11 பெட்டி, மிச்சம் 5. விடையை ஒரே மாறியில் வாங்கி அச்சிட்டுப் பாருங்கள், அடைப்புக்குறிக்குள் 11, 5 என்று வரும். வந்தது இரண்டு எண்ணையும் சேர்த்துக் கட்டிய ஒரு பொதி, அதற்குப் பெயர் ரியூப்பிள். அடைப்புக்குறிதான் கட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, கட்டுவது கொமா. இடப்பக்கம் இரண்டு மாறி வைத்தால் பொதி வந்த கையோடு பிரிபடும், மூன்று வைத்தால் பைதன் பிழை காட்டிவிட்டு நின்றுவிடும்.

சி மொழி நேர்மாறு. அங்கே ஈவுக்கு ஒரு குறி, மீதிக்கு இன்னொரு குறி, ஒரு சார்பு திருப்புவது ஒன்றே ஒன்று. ஆனால் அடியிலுள்ள செயலிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 1978 இல் வந்த இன்டெல் 8086 இலேயே 16 பிட் வகுத்தல் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் ஈவு ஏஎக்ஸ் என்ற பதிவகத்திலும், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சின்ன இடத்திலும், மீதி டிஎக்ஸிலும் வந்து உட்கார்ந்துவிடும். இன்றைய 64 பிட் இன்டெல் வகைச் செயலியில் அவையே ஆர்ஏஎக்ஸ், ஆர்டிஎக்ஸ். ஆக, இரண்டைத் தருவதாகக் காட்டும் பைதன் தருவது ஒன்று, ஒன்றுக்கு மேல் தராத சியின் அடியில் இரண்டு கையும் தயாராக இருக்கின்றன.

சியிலும் ஸ்ட்ரக்ட் என்ற கூட்டுப் பொதி ஒன்றுக்குள் பலவற்றைப் போட்டுத் திருப்பலாம், எனக்குப் பிடித்த இடம் இதுதான். சின்ன வயதில் தீப்பெட்டி வாங்கக் கடைக்கு அனுப்பினால் வெறுங்கையோடு போவேன், ஒரு கையில் தீப்பெட்டி, மற்றக் கையில் மிச்சக் காசு. திருநெல்வேலிச் சந்தைக்கு என்றால் அம்மா பனையோலைக் கடகத்தைத் தந்துதான் விடுவா. அந்த 64 பிட் செயலியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்திலும் அதே கதை. ஸ்ட்ரக்டில் உள்ள முழுவெண்கள் 16 பைட்டுக்குள் அடங்கினால் ஆர்ஏஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்ற இரண்டு கை போதும். 8 பைட் எண்கள் மூன்று என்றால் 24 பைட், கையில் அடங்காது. அப்போது அழைக்கும் சார்பு தன்னிடத்திலேயே 24 பைட்டை ஒதுக்கி, அதன் முகவரியை ஆர்டிஐ பதிவகத்தில் வைத்து அனுப்பும். ஆர்டிஐ என்பது வழக்கமாக முதலாவது உள்ளீடு போகும் இடம், எனவே நீங்கள் எழுதிய முதலாவது உள்ளீடு பாவம், ஆர்எஸ்ஐக்குத் தள்ளுப்படும். அந்த முகவரியை ஓர் உள்ளீடாக நீங்கள் எங்குமே எழுதியிருக்க மாட்டீர்கள், நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கொம்பைலர் சத்தமில்லாமல் செருகுவது. முதன்முதலில் அந்தக் கட்டளைகளின் எழுத்து வடிவமான அசெம்பிளியில் இதைக் கண்டபோது, உள்ளீடுகளை நான்தான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று அரை நாள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

அழைக்கப்பட்ட சார்பு நேரே அந்த இடத்தில் எழுதிவிட்டு, அதே முகவரியை ஆர்ஏஎக்ஸில் திருப்பித் தரும். கொண்டுபோன கடகமே திரும்பி வருகிறது! சரி, சார்பு நினைவகத்தில் தனக்குத் தற்காலிகமாகக் கிடைக்கும் அடுக்கில் வைத்துவிட்டு முகவரியை மட்டும் தந்தால் என்ன? வேலை முடிந்ததும் அந்த இடத்தில் அடுத்த சார்பு கடை விரித்துவிடும், சந்தை கலைந்த பிறகு போய்க் கத்தரிக்காயைத் தேட முடியுமா?

ஒன்றைத்தான் திருப்பலாம் என்ற பழக்கத்தில் வந்த கெட்ட வழக்கம் ஒன்றும் உண்டு, விடை இல்லாவிட்டால் -1 என்று சொல்வது. ஒரு வரியில் ஒரு குறி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடும் பைதனின் ஃபைன்ட் அப்படித்தான். பெயர், கொமா, ஊர் என்று இருந்த பட்டியல் ஒன்றில் கொமா வரைக்கும் வெட்டி எடுக்க எழுதினேன். கொமா இல்லாத வரிகளில் -1 வந்தது, பைதனுக்கு -1 வரை என்றால் கடைசிக் குறியை விட்டுவிட்டு மற்றதெல்லாம். யூனிகோடில் ன் என்பது ன, மேலே புள்ளி என இரண்டு குறி, ஆகவே கண்ணன்கள் எல்லாரும் புள்ளி பறிபோய் கண்ணன ஆனார்கள். பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. அதனாலேயே 2009 இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியை எனக்குப் பிடிக்கும், விடை ஒரு பக்கம், பிழை ஒரு பக்கம் என்று உண்மையாகவே இரண்டைத் தரும். அங்கே பொதி கிடையாது, இரண்டையும் ஒரே மாறியில் வாங்கப் போனால் கொம்பைலர் விடாது. 2021 இல் 1.17 பதிப்பு வரும் வரை அவை நினைவக அடுக்கு வழியாக வந்தன, அந்தப் பதிப்பிலிருந்து 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் பதிவகங்கள் வழியாக.

தம்பி, பரீட்சையில் பைதனைப் பற்றிக் கேட்டால் ஒன்று என்றே எழுதுங்கள், பக்கத்தில் ரியூப்பிள் என்று ஒரு சொல்லும் போடுங்கள்.