பருப்பு ஏன் வேக மாட்டேன் என்கிறது?

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகையைக் கேட்ட கையோடு கேட்பது, "நல்ல தண்ணி வருதா, இல்ல உப்புத் தண்ணி மட்டும்தானா?" என்பதைத்தான். குடிக்கவும் துணி துவைக்கவும் கேட்கிற கேள்வியாகத் தோன்றும். கேஸ் செலவும் அதற்குள் அடக்கம். வைகைத் தண்ணீரில் மூன்று விசிலில் குழைந்துவிடுகிற அதே துவரம்பருப்பு, போர் தண்ணீரில் ஆறேழு விசில் வந்த பிறகும் நடுவில் நறுக்கென்று நிற்கும். "தண்ணி சரியில்ல" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது வேதியியல்படியும் சரிதான்.

பருப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு துவரம்பருப்பு என்பது எண்ணற்ற நுண்ணிய செல்களின் தொகுப்பு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்தும் புரதமும் நிரம்பியிருக்கின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் என்ற பொருள், செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் பூச்சு இருப்பதைப்போல, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. வேகும்போது இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, மாவுச்சத்து தண்ணீரை இழுத்து உப்புவது. இது 70, 80 டிகிரி சூட்டிலேயே நடந்துவிடும், பெரிய சிரமமில்லை. இன்னொன்று, அந்த பெக்டின் கரைந்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது. மத்து வைத்து லேசாக அழுத்தினாலே பருப்பு மசிகிறது என்றால், இந்த இரண்டாவது வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

உப்புத் தண்ணீர் கெடுப்பது இந்த இரண்டாவது வேலையைத்தான். நாம் 'உப்பு' என்று சொன்னாலும் இங்கே குற்றவாளி சாப்பாட்டு உப்பு இல்லை, கால்சியமும் மெக்னீசியமும். கால்சியம் பெக்டின் இழைகளுக்கு நடுவே புகுந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. கரைய வேண்டிய பெக்டின் கரையாத பொருளாக இறுகிவிடுகிறது. அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் செல்கள் பிரிய மறுக்கும்.

மதுரை வட்டாரத்து நிலத்தடி நீரில் இந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது? நமக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறை வெடிப்புகள் வழியாக மெதுவாக இறங்குகிறது. வழியில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆழமான போரில் நீண்ட காலம் தங்கிய தண்ணீர் என்றால் அதிகம் சேர்ந்திருக்கும். மலையிலிருந்து இறங்கி வைகை அணையில் தேங்கி வருகிற தண்ணீருக்குப் பாறையோடு அவ்வளவு நேரம் பழக்கமில்லை. அதனால் மென்மையாக இருக்கிறது. குடிநீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து உண்டாக்கும் இந்தக் 'கடினத்தன்மை' லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. பரிசோதனைக்குக் கொடுக்காமலே உங்கள் தண்ணீரை ஓரளவு மட்டுக்கட்டலாம்: வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, குழாய் வாயில் பொருக்குக் கட்டுகிறதா, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதா என்று பாருங்கள்.

செலவில்லாத தீர்வு இதுதான்: வீட்டுக்கு வரும் நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் என்றால், அதில் பருப்புக்கு முதல் பங்கு கொடுங்கள். நாலு பேர் குடும்பத்துக்குப் பருப்பு வேகவைக்க அரை லிட்டர், முக்கால் லிட்டர் போதும். கேன் தண்ணீர் வாங்குகிற வீட்டிலும் இதே கணக்குத்தான். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அரை லிட்டருக்கு முக்கால் ரூபாய்தான் ஆகும். காய் கழுவ, பாத்திரம் தேய்க்க போர் தண்ணீர் போதும். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெளியவிட்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்கே கேஸ் எரித்தால் மிச்சம் எங்கே?

புளியும் இதே பெக்டின் விஷயம்தான். அமிலம் இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. பருப்பு மசிந்த பிறகுதான் புளிக்கரைசலை ஊற்ற வேண்டும் என்ற சாம்பார் வரிசைக்குக் காரணம் இது. தக்காளியும் அப்படியே, பருப்போடு சேர்த்துக் குக்கரில் போடுகிறவர்கள், தண்ணீரும் கடினமாக இருந்தால், இரட்டைத் தண்டனை கொடுக்கிறார்கள். மறுபுறம், புளிக்குழம்பில் கத்தரிக்காய் கரையாமல் முழுசாக நிற்பதற்கும் இந்தக் குணமே உதவுகிறது.

சாப்பாட்டு உப்பு பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. உப்பு போட்டால் பயறு வேகாது என்பார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் போட்டால் நடப்பது நேர்மாறு: உப்பிலுள்ள சோடியம், தோலிலும் பெக்டினிலும் பிடித்திருக்கும் கால்சியத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. சோடியத்துக்கு இரண்டு பக்கமும் பிடிக்கும் வலு இல்லை, பிடி தளர்ந்துவிடும். மொச்சை, கொண்டைக்கடலை ஊறவைக்கும்போது லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வித்தியாசம் கைக்கே தெரியும். ஆப்ப சோடாவும் வேகமாக மசிக்கும், ஆனால் பயறில் இருக்கும் பி1 சத்தைச் சிதைத்துவிடும். தினசரிச் சமையலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஊறவைப்பதே பெரிய மிச்சம். காய்ந்த பருப்பின் நடுவரை தண்ணீர் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை அடுப்பின் மேல் கழித்தால் கேஸ் செலவு. பாத்திரத்தில் சும்மா ஊறவிட்டுக் கழித்தால் செலவே இல்லை. தோல் நீக்கி உடைத்த துவரம்பருப்புக்கு அரை மணி நேரம் போதும். முழுப் பயறுக்கு ஒரு ராத்திரி.

இப்போது தீக்கு வருவோம். பணம் நிஜமாகக் கரைவது இங்கேதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல், ஏறக்குறைய எட்டு மடங்கு! திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துவிட்டால், தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ முழுவதும் ஆவியாக்கத்துக்குப் போகிறது. பருப்புக்கு அதில் ஒரு துளி லாபமும் இல்லை.

கேஸில் இதைக் கணக்குப் போடலாம். ஒரு கிராம் சமையல் எரிவாயு ஏறத்தாழ 46 கிலோஜூல் வெப்பம் தரும். நல்ல அடுப்பில் அதில் 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்று கொள்வோம். உலையும் பருப்பும் தளதளவென்று கொதிக்கவிட்டு தினம் அரை லிட்டர் தண்ணீரை வீணாக ஆவியாக்கினால் 36 கிராம் கேஸ் போய்விடும். வருஷத்துக்கு 13 கிலோவுக்கு மேல். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ! உலை கொதித்ததும் தீயைச் சிம்மில் வைத்து, தட்டை முக்கால்வாசி மூடினால் இதில் பெரும்பகுதி மிஞ்சும். பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறும் தீயும் வீண்தான். தீ பாத்திர அடிக்குள்ளேயே இருக்கட்டும்.

100 டிகிரி என்ற வரம்பை உடைப்பது குக்கர். ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றினால் தண்ணீர் இன்னும் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். நம் குக்கர்களில் வெயிட் தூக்கும் நிலையில் உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி. இப்படிப்பட்ட மாற்றங்களின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற பொது விதிப்படி, வேலை நான்கு மடங்கு வேகத்தில் முடிகிறது. இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கொடைக்கானல் போக வேண்டும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது பெரும்பாடு.

ஆனால் விசிலை எண்ணிச் சமைப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. வெயிட் ஒருமுறை தூக்கிவிட்டால் உள்ளே வேண்டிய அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு விசிலும் தேவைக்கு மேல் தீ எரிகிறது என்ற அறிவிப்புதான். பருப்பு வேகுவது உள்ளே இருக்கும் சூட்டாலும் நேரத்தாலும். முதல் விசிலுக்கே சிம்மில் வைத்து, வெயிட் லேசாகச் சீறிக்கொண்டிருக்கும்படி விட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஊறிய துவரம்பருப்புக்கு நல்ல தண்ணீரில் ஏழெட்டு நிமிடம் போதுமானது. அணைத்த பிறகு குழாயடியில் பிடிக்காமல் அப்படியே விட்டால் அழுத்தம் இறங்கும்வரை உள்ளே சமையல் தொடரும், அதுவும் ஓசியில். பருப்பு நுரைத்து ஆவித்துளையை அடைக்கக்கூடியது என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடும் வழக்கம் நுரையை அடக்குவதற்கு நல்லது.

தண்ணீர், தீ இரண்டும் சரியாக இருந்தும் வேகவில்லை என்றால் பருப்பின் வயதைப் பார்க்க வேண்டும். கீழமாசி வீதி பலசரக்குக் கடைகளில் விவரம் தெரிந்தவர்கள் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள்:

"அண்ணாச்சி, இது புதுப் பருப்பா?"

"போன மாசம் வந்த சரக்குக்கா. நல்லா மசியும், கொண்டு போங்க."

பயறுக்குள் ஃபைடேட் என்ற சேர்மம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த ஃபைடேட் சிதைந்து, விடுபட்ட கால்சியம் பெக்டினைப் போய்ப் பிடிக்கிறது என்பது விஞ்ஞானிகள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம். வெளியிலிருந்து உப்புத் தண்ணீர் செய்கிற வேலையை, பழைய பருப்பு தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. நல்ல தண்ணீரால்கூட இதை முழுசாகச் சரிக்கட்ட முடியாது.

அதனால் விலை குறைவு என்று மொத்தமாகப் பத்து கிலோ வாங்கி, கத்திரி வெயிலில் அடுப்புக்கு மேலே உள்ள பரணில் போட்டு வைப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. கிலோவுக்கு மிஞ்சிய பத்து ரூபாயைக் கேஸ் தின்றுவிடும். மொத்தமாக வாங்கத்தான் வேண்டுமென்றால், முதலில் அதே மூட்டையிலிருந்து கால் கிலோ வாங்கி வேகவைத்துப் பாருங்கள். மசிந்தால் மிச்சத்தை வாங்கி, நன்றாகக் காய்ந்த டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, அடுப்படியிலிருந்து தள்ளி வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்.