மூக்கைப் பார்த்தால் தெரியும் லேப்ரடாரின் ரகசியம்

1899-ல் இங்கிலாந்தில் இரண்டு கறுப்பு லேப்ரடார்களுக்கு மஞ்சள் குட்டி ஒன்று பிறந்தது. பெயர் பென் ஆஃப் ஹைட். பதிவேட்டில் ஏறிய முதல் மஞ்சள் லேப்ரடார் அதுதான். இப்படிக் குட்டி பிறந்தால், அப்பன் வேறு நாயோ என்று யாருக்கும் தோன்றும். தப்பில்லை, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு அப்பன் இருப்பதுகூட நாய்களில் சகஜம். ஆனால் இந்த மஞ்சளுக்கு வேறு நாய் தேவையே இல்லை.

கறுப்பு, சாக்லேட், மஞ்சள் என்ற மூன்று நிறங்களையும் லேப்ரடாரில் இரண்டே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது டிஒய்ஆர்பி1. யூமெலனின் என்ற நிறமி நன்றாகக் கறுக்க இது வேண்டும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால், கறுக்க வேண்டியது பழுப்போடு நின்றுவிடும். அதுதான் சாக்லேட். ஒரு பிரதி சரியாக இருந்தாலே நாய் கறுப்பாகிவிடும்.

இரண்டாவது மரபணு எம்சி1ஆர். நிறமி தயாரிக்கும் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சுவிட்ச் என்று இதைச் சொல்லலாம். சுவிட்ச் வேலை செய்தால் முடிக்கு யூமெலனின் போகும். மஞ்சள் லேப்ரடாரில் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அந்தப் புரதத்தின் வால்பகுதி துண்டிக்கப்பட்டு, சுவிட்ச் செத்துக் கிடக்கிறது. முடிக்குக் கிடைப்பதெல்லாம் ஃபியோமெலனின் என்ற மஞ்சள் நிறமி மட்டுமே. அது வெளிறிய சந்தன நிறத்திலிருந்து நல்ல செவலை வரை எப்படியும் இருக்கலாம். எல்லாமே ‘மஞ்சள்’ கணக்குதான்.

கறுப்பு மை தயாரிக்கவே உத்தரவு வராதபோது, மை கறுப்பா பழுப்பா என்ற கேள்விக்கு இடமேது? அதனால் மஞ்சள் நாய்க்குள் கறுப்பு மரபணுவும் ஒளிந்திருக்கலாம், சாக்லேட் மரபணுவும் ஒளிந்திருக்கலாம். முடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மரபணு இன்னொன்றின் வாயை இப்படி அடைத்துவிடுவதை எபிஸ்டாஸிஸ் என்கிறார்கள்.

ஆனால் மூக்கு சொல்லிவிடும். எம்சி1ஆர் பழுதானாலும் மூக்கு, உதடு, கண்ணோரத் தோலில் யூமெலனின் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். மஞ்சள் நாயின் மூக்கு கறுப்பு என்றால் உள்ளே கறுப்பு மரபணு உண்டு. ஈரல் நிறம் என்றால் சாக்லேட்தான். (சில நாய்களுக்குக் குளிர்காலத்தில் மூக்கு வெளுக்கும். அப்போது கண்ணோரத்தையும் பார்த்துவிடுங்கள்.)

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு மரபணுவிலும் ஒரு பழுதுப் பிரதியை மறைத்து வைத்திருக்கும் இரண்டு கறுப்பு நாய்கள் சேர்ந்தால், 16-ல் 9 பங்கு கறுப்பு, 3 பங்கு சாக்லேட், 4 பங்கு மஞ்சள் குட்டிகள் பிறக்க வாய்ப்பு. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் மஞ்சள் மட்டுமே. இரண்டு சாக்லேட்டுக்குக் கறுப்புக் குட்டி பிறக்காது, மஞ்சள் பிறக்கலாம்.

சாக்லேட் வேண்டுமென்றால் பழுதுப் பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாக வேண்டும். அதனால் அந்த நிறத்துக்காக வளர்ப்பவர்கள் ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே ஜோடி தேடுகிறார்கள். பிரிட்டன் நாய்களை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், மற்ற லேப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 12.1 ஆண்டுகள், சாக்லேட்டுக்கு 10.7 தான். காதுத் தொற்றும் தோல் நோயும் சாக்லேட்டில் அதிகம். நிறமி நேரடியாக எதையும் செய்யவில்லை, நிறத்துக்காக ஜோடி சேர்த்தபோது வேறு மரபணுக்களும் கூடவே வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம்.