ஆபரேஷன் தியேட்டர்ல பேரை எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்க, ப்ளீஸ்

இந்த வாரமும் ஒரு சண்டை. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த பெரியவரோட பையன் தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு, "வார்டுல கேட்டாங்க, சிஸ்டர் கேட்டாங்க, இப்ப நீங்களும் கேக்கறீங்க, பேரு கூட தெரியாமலா கத்தி வெக்க போறீங்க"ன்னு ஒரே சத்தம். மயக்க மருந்து டாக்டரா இதுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

பேரு எங்களுக்குத் தெரியும்ங்க. கேஸ் ஷீட்ல இருக்கு, கையில கட்டின பட்டையில இருக்கு. ஆனா ஒரே நாள் லிஸ்ட்ல ரெண்டு முருகேசன் வர்றதெல்லாம் சர்வ சாதாரணம். "நீங்கதான் முருகேசனா?"ன்னு கேட்டா, பயத்துல இருக்கறவரும் காது மந்தமானவரும் எதுக்கும் தலையாட்டிருவாங்க. அதனாலதான் பேரு, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்னு அவங்க வாயாலயே வர வெக்கறோம். சிஸ்டர் கேட்டாச்சேன்னு நான் விட்டா, நான் கேட்டாச்சேன்னு சர்ஜன் விட்டா, முதல்ல நடந்த தப்பு நேரா டேபிளுக்கே வந்துரும்.

இந்தக் கேள்வியெல்லாம் ஒரு செக்லிஸ்ட்ல இருக்கறதுதான். அனுபவம் உள்ள டாக்டருக்கு எதுக்கு செக்லிஸ்ட்டுன்னும் கேக்கறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்த லிஸ்ட் இது, மொத்தம் 19 விஷயம், மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி, கத்தி வெக்கறதுக்கு முன்னாடி, தியேட்டரை விட்டு வெளிய அனுப்பறதுக்கு முன்னாடின்னு மூணு இடத்துல எல்லாரும் நின்னு சத்தமா சொல்லணும். டெல்லி, லண்டன், டொரான்டோன்னு 8 ஊர் ஆஸ்பத்திரில பாத்தப்ப இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்குச்சு, சிக்கல்கள் 11ல இருந்து 7க்கு. அங்க ஆபரேஷன் பண்ணவங்க என்ன கத்துக்குட்டிகளா?

தியேட்டர்ல வேலை பாக்கற நம்ம டாக்டருங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரில இதைக் கொண்டு வந்தும் இறப்பு சொல்லிக்கற மாதிரி குறையலன்னு 2014ல ஆய்வு வந்துச்சு. என்னைக் கேட்டா, டிக் அடிச்சா மட்டும் ஒண்ணும் ஆகாது. கேஸ் ஆரம்பிக்கும்போதே லிஸ்ட்டோட கடைசி பகுதியையும் சேத்து டிக் போட்டு வெக்கற பழக்கத்தை தயவுசெஞ்சு விடுங்க. வயித்தை மூடறதுக்கு முன்னாடி, ரத்தம் ஒத்தியெடுக்கற துணியை (மாப்) எண்ணிப் பாத்துட்டு சிஸ்டர் "ஒரு மாப் குறையுது சார்"னா, தையலை நிறுத்திட்டு பக்கெட், துணி, தரைன்னு தேடணும், கிடைக்கலன்னா எக்ஸ்ரே எடுக்கணும். அவங்ககிட்ட எரிஞ்சு விழுந்தீங்கன்னா அடுத்த தடவை வாயத் திறக்க மாட்டாங்க.

பேஷன்ட்டும் கூட வர்றவங்களும்: பதிலை பேஷன்ட்டே சொல்லட்டும், கூட வர்றவங்க முந்திக்காதீங்க. காது மெஷின் இருந்தா மாட்டியே அனுப்புங்க. சர்ஜன் பேனாவால போட்ட அடையாளத்தை சோப்பு போட்டு தேய்க்காதீங்க. நெயில் பாலிஷ் வேண்டாம், விரல்ல மாட்டற ஆக்ஸிஜன் மெஷின் தப்பா காட்டலாம். கட்டுப்பல், ஒத்துக்காத மருந்து, ரத்தம் உறையாம இருக்க போடற மாத்திரை எதையும் மறைக்காதீங்க. முக்கியமா, "ஒரு வாய் காபிதானே"ன்னு குடிச்சிருந்தா சொல்லிருங்க, பால் சேந்துட்டா அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம் ஆகணும். திட்டுவாங்களேன்னு பயப்படாதீங்க, ஆபரேஷனைத் தள்ளி வெச்சுக்கலாம், மயக்கத்துல வாந்தி நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து.