லேபில் மோட்டார் ஒருநாளாவது ஓடாமல் இருக்கட்டும்

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வேலைக்கு வரும் டிப்ளமோ, பி.இ. பிள்ளைகளிடம் நான் கேள்வித்தாள் நீட்டுவதில்லை. பழைய 5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் ஒன்றை மேசையில் வைத்து, டெர்மினல் பாக்ஸ் மூடியைக் கழற்றி, உள்ளே முனைகளைச் சேர்க்கும் பித்தளைப் பட்டைகளான லிங்க்குகளையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, "தம்பி, இதுல எந்த முனையும் எந்த முனையும் ஒரே காயில்னு பார்த்துச் சொல்லு" என்பேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

மோட்டாரின் மூன்று காயிலையும் இணைக்கும் இரண்டு முறைகளான ஸ்டார், டெல்டா படம் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பிள்ளைகள்தான். ஆனால் பெட்டிக்குள் மேல்வரிசையில் யு1, வி1, டபிள்யூ1 இருக்கும், கீழ்வரிசையில் டபிள்யூ2, யு2, வி2 என்று ஒரு இடம் தள்ளி இருக்கும். பலர் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் மீட்டரை வைப்பார்கள், பீப் வராது, "காயில் ஓப்பன் ஆயிருக்கு சார்" என்று மோட்டாரே எரிந்துபோனதாக முடிவு கட்டிவிடுவார்கள். குறுக்காக வைத்துப் பார்த்தால் மூன்றும் பீப் அடிக்கும். ஏன் இப்படித் தள்ளி வைத்திருக்கிறான் என்று கேட்டால்தான் விஷயமே வெளியே வரும். லிங்க்கை நெட்டுக்கு மூன்று இடத்தில் போட்டால் டெல்டா, கீழ்வரிசையைக் கிடையாகச் சேர்த்தால் ஸ்டார். வேலை செய்கிறவன் கைக்குச் சுலபமாக இருக்கவேண்டும் என்று யோசித்து வைத்த அமைப்பு அது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவனுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், திறக்காதவனுக்கு நாலு வருஷம் போனாலும் புரியாது.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நம் கல்லூரி லேப்கள் நடக்கிற விதம் அப்படி. ஒரு மெஷினைச் சுற்றி ஒரு கும்பல் நிற்கும், அதில் இரண்டு பேர் ஒயர் கனெக்ட் பண்ணுவார்கள், ஒருவர் ரீடிங் சொல்வார், மீதிப்பேர் எழுதிக்கொள்வார்கள், கிராஃப் சரியாக வரவில்லை என்றால் சீனியர் ரெக்கார்டு இருக்கவே இருக்கிறது. இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு, அதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்பே லேப் அண்ணன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து வைத்துவிடுகிறார்.

தான் எடுக்கும் வோல்டேஜிலேயே தன் ஃபீல்டு காயிலுக்கு, அதாவது காந்தம் உண்டாக்கும் காயிலுக்கு, கரண்ட் கொடுத்துக்கொள்ளும் டிசி ஷன்ட் ஜெனரேட்டர் எக்ஸ்பெரிமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில நாள் அது வோல்டேஜே எடுக்காது, மீட்டர் ஏதோ சில வோல்ட்டில் நின்றுவிடும். இரும்பில் எஞ்சியிருக்க வேண்டிய காந்தம் போயிருக்கலாம், ஃபீல்டு ஒயர் திருப்பி மாட்டியிருக்கலாம், ஃபீல்டு கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகமாக இருக்கலாம், மெஷினே எதிர்ப்பக்கம் சுற்றலாம். ஃபீல்டு சுவிட்சைப் போட்டதும் இருந்த கொஞ்ச வோல்டேஜும் இறங்கினால் ஃபீல்டு திருப்பி இருக்கிறதா, சுற்றுத்திசை மாறியிருக்கிறதா என்று தேடவேண்டும், துளிக்கூட வோல்டேஜே இல்லை என்றால் காந்தம் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இதை ஒரு மணி நேரம் பிள்ளைகளே தேடினால் அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது. நாமோ காலையிலேயே ஃபீல்டுக்கு டிசி கொடுத்து காந்தத்தை ஏற்றி வைத்துவிட்டு, "வாங்கப்பா, ரீடிங் எடுங்க" என்கிறோம். கம்பெனியில் எங்களுக்குச் சம்பளமே ஓடாத மோட்டாருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

நம்ம ஊரில் இதற்குப் பஞ்சமும் இல்லை. கடற்கரையோரம், உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை. கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் போதும், ஈரம் உள்ளே போய் காயில் இன்சுலேஷன் இறங்கிவிடும். 415 வோல்ட் மோட்டாரை, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டரான 500 வோல்ட் மெக்கரில் வைத்துப் பார்ப்போம், ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் ஓட்டமாட்டோம், சூடு கொடுத்து உலர்த்துவோம். இங்கேதான் வேடிக்கை. சூடு ஏற ஏற ரீடிங் முதலில் இன்னும் இறங்கும், இன்சுலேஷன் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும் என்பதால். ஈரம் வெளியேறிய பிறகுதான் மெல்ல ஏற ஆரம்பிக்கும். புதுப்பையன் பதறிப்போய், "சார், மோட்டார் போயிடுச்சு, ஹீட்டரை நிறுத்திடவா?" என்று ஓடிவருவான். மழைக்காலத்தில் லேபில் ஒரு ஈரமோட்டாரை வைத்து இதைக் காட்ட எந்தச் செலவும் இல்லை. மெக்கர் வைத்தபின் காயிலை எர்த் பண்ணி டிஸ்சார்ஜ் செய்யவேண்டும், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவான விஎஃப்டி மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் வைக்கவேண்டும், இல்லையென்றால் டிரைவ் காலி என்பதையும் அங்கேயே பழக்கிவிடலாம்.

சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. மேட்லேப் மாதிரி சிமுலேஷன் சாஃப்ட்வேர் தெரிந்த பையன் எனக்கும் தேவை. ஆனால் ஸ்க்ரீனில் ஸ்க்ரூ தளராது, ஒயர் முனையில் மாட்டும் லக் கருகாது, நாங்கள் பார்க்கிற கோளாறில் பாதி அதுதான்.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை சார்" என்று வாத்தியார் நண்பர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, நியாயமும்தான். பத்து எக்ஸ்பெரிமென்ட்டையும் மாற்றவேண்டாம், செமஸ்டருக்கு ஒரு கிளாஸ் போதும். ஒரு ஃப்யூஸைப் பிடுங்கி வையுங்கள், ஓவர்லோடு ரிலேயை ட்ரிப்பில் விடுங்கள், ஒரு ஒயரின் இன்சுலேஷன் மேலேயே ஸ்க்ரூவை முடுக்கி வையுங்கள், மார்க்கை ரீடிங்குக்குப் போடாமல் தேடிய வழிக்குப் போடுங்கள். ஆபத்தில்லாத கோளாறாக, சப்ளை ஆஃப் செய்து தேடுகிற மாதிரி வைக்கவேண்டும், அதை மட்டும் மறக்கவேண்டாம்.

கவுன்சிலிங் சமயத்தில் கல்லூரி பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள், டிஎன்இஏ ஆனாலும் புதுச்சேரி சென்டாக் ஆனாலும், ஏசி செமினார் ஹாலைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மெஷின் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் கண்ணாடியில் பிளாஸ்டிக் கவர் ஒட்டியபடியே இருந்தால் அந்த லேபை யாரும் தொடுவதில்லை. டெர்மினல் தேய்ந்து, பேட்ச் கார்டு அழுக்கேறி, ஓரமாக ஒரு டப்பாவில் போன ஃப்யூஸ்கள் கிடந்தால் தைரியமாகச் சேர்க்கலாம்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: லீவில் உங்கள் ஊர் மோட்டார் காயில் கட்டும் கடையில் போய் நில்லுங்கள். திருப்பாதிரிப்புலியூர் பக்கமோ வில்லியனூர் பக்கமோ, போர்வெல் மோட்டார் எரியாத ஊர் ஏது? எரிந்த காயிலில் ஒரு பேஸ் மட்டும் கருகாமல் இருக்கிறதா, மூன்றும் கருகியிருக்கிறதா என்று பார்த்தே, மூன்று பேஸில் ஒன்று வராமல் போய் எரிந்ததா ஓவர்லோடா என்று கடைக்காரர் அண்ணன் சொல்லிவிடுவார். படித்து முடித்தவர்கள், 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி ஒரு வருஷப் பயிற்சி இருக்கிறது, ஸ்டைபண்டும் உண்டு, மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டமான என்ஏடிஎஸ் போர்ட்டலில் பதிவு செய்யுங்கள். நெய்வேலி என்எல்சியும் எடுக்கிறது, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனிகள் எடுத்தே ஆகவேண்டும். போகிற இடத்தில் உங்களை ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து எக்ஸெல் அடிக்கச் சொன்னால், பேனல் ரூமுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.