பகா எண்: எங்கிருந்து வந்த சொல்?

2147483647. நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த எண் பழக்கம்தான், குறியோடு சேர்த்து 32 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய முழு எண் இது. நம் வழக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இவ்வளவு பெரிதாக இருந்தும் இது ஒரு பகா எண்: 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது.

பகு என்றால் பிரி, கூறு போடு. பகுதி, பகுப்பு, பகுத்தறிவு எல்லாம் இந்த வேர்தான். பகாத எண் என்பதில் கடைசி 'த' விழுந்து பகா எண் ஆயிற்று, செல்லாத காசு செல்லாக்காசு ஆன மாதிரி. இலக்கணத்தில் இதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள், இதன் பின் வல்லினம் மிகும், அதனால் பகாக் காரணி என்று 'க்' போட்டுத்தான் எழுத வேண்டும். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இதே ஜோடி நன்னூலில் இருப்பது. பகுபதம், பகாப்பதம். நிலம் என்ற சொல்லை நி, லம் என்று வெட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, அது பகாப்பதம்; பொன்னன் என்பதைப் பொன், அன் என்று பிரித்தால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது, அது பகுபதம். 12-ஐ 2, 2, 3 என்று பிரிக்கலாம், 7-ஐ முடியாது. சொல்லுக்குப் பார்த்த அதே பார்வைதான் எண்ணுக்கும்.

ஆங்கிலத்தில் பிரைம் என்பது இலத்தீன் பிரைமஸிலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் யூக்ளிட் 'புரோட்டோஸ்' என்றார், இரண்டுக்கும் பொருள் 'முதல்'. இலங்கைப் பாடநூல்களில் வரும் முதன்மை எண் அந்தப் பொருளை அப்படியே எடுத்துக்கொண்டது. தவறில்லை. ஆனால் பகா எண் என்னும்போது என்ன செய்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது, அதனால் என் ஓட்டு அதற்குத்தான். ஒரு குறை உண்டு: 1-ம் பகாதது, ஆனாலும் அதைப் பகா எண்ணில் சேர்ப்பதில்லை, அதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

சரி, 214 கோடியைப் பகா எண் என்று எப்படிக் கண்டார்கள்? 31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வரும் எண் இது. இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும், அதனால் 46,340 வரை வகுத்துப் பார்த்தால் போதும், அதிலும் 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் எண்கள் மட்டுமே இதை வகுக்க வாய்ப்புள்ளவை, ஆக நானூறுக்கும் குறைவான வகுத்தல்கள். கணித மேதை லியோனார்டு ஆய்லர் இதை 1772-ல் அறிவித்தபோது அவருடைய கண்பார்வை ஏறக்குறைய போயிருந்தது.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயர். எத்தனை இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் பகா எண் வரும் என்று 1644-ல் அவர் தந்த பட்டியலில் 31 சரி, 67 தவறு. 67 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 147573952589676412927 பகா எண் இல்லை என்று 1876-லேயே லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவிவிட்டார், ஆனால் எதனால் பகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1903-ல் அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் கோல் பகுத்தே காட்டினார்: 193707721 × 761838257287. அதாவது, பகு எண்.