12 வோல்ட் தானேன்னு இனிமே சொல்லாதீங்க

மறுபடியும் ஒரு வேன் வந்து நிக்குது. கட்டிலுக்குக் கீழ லித்தியம் பேட்டரி, பக்கத்துல 2000 வாட் இன்வெர்ட்டர், ரெண்டுக்கும் நடுவுல போற பாசிட்டிவ் கேபிளோட லக் (கேபிள் முனைல மாட்டற உலோக வளையம்) கருகிப்போய், அது மேல இருந்த ஹீட் ஷ்ரிங்க் உறை உருகி வழிஞ்சு, பின்னாடி இருந்த பிளைவுட்ல உள்ளங்கை அகலத்துக்குக் கரி புடிச்சிருக்கு. ஓனர் கேக்கறார், "ஃபியூஸ் போகவே இல்லையேண்ணே, அப்ப எல்லாம் சரியாத்தானே இருந்திருக்கணும்? அதுவும் வெறும் 12 வோல்ட் தானே?"

அந்தக் கட்டில் மேல தான் அவரோட குழந்தைங்க தூங்குவாங்க.

அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, பொறுமையா உக்காந்து மாசக்கணக்குல தன் கையால செஞ்ச மனுஷன். கோவமெல்லாம் இந்த "12 வோல்ட் தானே" மேல தான். வேனை வீடா மாத்திட்டு வயரிங்ல பிரச்சனைன்னு என்கிட்ட கொண்டு வர்றவங்கள்ல முக்காவாசி பேர் வாயில இருந்து இது தான் முதல்ல வருது. அதனால இன்னிக்கு இத முழுசா எழுதிடறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

12 வோல்ட்ட காஞ்ச கையால தொட்டா ஷாக் அடிக்காது, உண்மை தான். ஆனா ஷாக் அடிக்காதுங்கறது வேற, நெருப்பு புடிக்காதுங்கறது வேற. ஒயரை சூடாக்கறது ஆம்ப்ஸ். வோல்டேஜ் குறைய குறைய அதே வேலைய செய்ய ஆம்ப்ஸ் ஏறிக்கிட்டே போகும். வீட்ல 230 வோல்ட்ல 2000 வாட் கெட்டில் போட்டா 9 ஆம்ப்ஸ் கூட வராது. அதே கெட்டில இன்வெர்ட்டர்ல போட்டா பேட்டரி பக்கம் கணக்குப்படியே 167 ஆம்ப்ஸ், இன்வெர்ட்டர் தின்கற நஷ்டத்தையும் சேத்தா 185 கிட்ட போயிடும். இருபது மடங்கு. சூடு ஆம்ப்ஸோட ஸ்கொயர்ல ஏறும், அப்படின்னா ஒரே ஜாயிண்ட், ஒரே ரெசிஸ்டன்ஸ், சூடு மட்டும் 400 மடங்குக்கு மேல. வீட்டு வயரிங்ல சும்மா கெடந்திருக்கக்கூடிய ஒரு லூஸ் கனெக்ஷன் வேன்ல கட்டிலைக் கருக்கறது இதனால தான்.

இன்னும் கிட்டத்துல பாப்போம். சுத்தியலால தட்டி கிரிம்ப் பண்ண, அதாவது கேபிள் மேல நசுக்கிப் புடிக்க வெச்ச ஒரு லக், அதுல ஒரே ஒரு மில்லிஓம் எக்ஸ்ட்ரா ரெசிஸ்டன்ஸ் இருக்குன்னு வைங்க, சாதாரண மல்டிமீட்டர்ல அது தெரியவே தெரியாது. அதுல 185 ஆம்ப்ஸ் போனா அந்த விரல் நுனி அளவு இடத்துல 34 வாட் சூடு. நாங்க போர்டுல பத்த வைக்கற சால்டரிங் அயர்னே 25 வாட் தான். இப்ப அந்த அயர்னை பிளைவுட்ல சாத்தி வெச்சிட்டு மேல மெத்தைய போட்டு மூடினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. இதுல முக்கியமான விஷயம், சர்க்யூட்ல போறது அப்பவும் அதே 185 ஆம்ப்ஸ் தான், அதனால 250 ஆம்ப்ஸ் ஃபியூஸுக்கு இது எதுவுமே தெரியாது. ஃபியூஸ் போகலன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லங்க. லூஸ் ஜாயிண்ட்ட எந்த ஃபியூஸும் புடிக்காது. ஒழுங்கான கிரிம்ப்பும் ஒழுங்கான டைட்டும் மட்டும் தான் அங்க காப்பாத்தும். ஹைட்ராலிக் கிரிம்ப்பர் வாங்க முடியலன்னா யார்கிட்டயாவது கேட்டு வாங்கி செய்ங்க, இல்ல கேபிளை அளந்து குடுத்து லக் போட்டே வாங்கிடுங்க. சுத்தியல், கட்டிங் பிளையர் ரெண்டும் வேண்டாம். கிரிம்ப் பண்ணதுக்கு மேல ஈயம் ஊத்தறதும் வேண்டாம், ஈயம் ஏறுன இடத்துல கேபிள் வெறச்சுப் போய், ஓடற வண்டி அதிர்வுல அங்கயே ஒடையும்.

அப்ப ஃபியூஸ் எதுக்கு? ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்த. ஃபிரிட்ஜைக் காப்பாத்த இல்ல, இன்வெர்ட்டரைக் காப்பாத்த இல்ல. நிறைய பேர் ஃபியூஸ ஃபிரிட்ஜ் பக்கத்துல, லைட் பக்கத்துல மாட்டி வெச்சிருக்காங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா பேட்டரில இருந்து அங்க வரைக்கும் வர்ற ஒயர் முழுசும் அனாதையா கெடக்குது. நடுவுல எங்கயாவது பாடி ஷீட்டோட விளிம்பு அந்த ஒயரை அறுத்துச்சுன்னா பேட்டரி தன்கிட்ட இருக்கற மொத்தத்தையும் அந்த எடத்துல கொட்டும். 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனா பிஎம்எஸ் (பேட்டரியைக் காப்பாத்தற சர்க்யூட்) கட் பண்றதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஆம்ப்ஸ் வந்துடும். மெயின் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 20 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். அளவு, அந்த ஒயர் தாங்கறதுக்கு மேல போகக்கூடாது. லித்தியத்துக்கு கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்க, 20,000 ஆம்ப்ஸ் ஷார்ட்டையும் அது அறுத்து நிறுத்தும், சாதாரண பிளேடு ஃபியூஸ் உருகினாலும் உள்ள ஆர்க் (இடைவெளியைத் தாண்டற தீப்பொறி) அடிச்சு கரண்ட் தாண்டிப் போயிட்டே இருக்கலாம். அப்புறம் வீட்டு எம்சிபிய (ட்ரிப் ஆகற ஸ்விட்ச்ச) கழட்டிட்டு வந்து டிசில, அதாவது பேட்டரி கரண்ட்ல, மாட்டறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஏசில, அதாவது வீட்டு லைன்ல, கரண்ட் நொடிக்கு நூறு தடவை சைபரைத் தொடும், ஆர்க் தானா அணையும், டிசில அந்த வாய்ப்பே கெடையாது. டிசி ரேட்டிங் போட்டிருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க, அதுலயும் பிளஸ் மைனஸ் குறிச்சிருந்தா அதே மாதிரி தான் மாட்டணும்.

ஒயர் விஷயத்துல ஏமாத்து வேலை ஜாஸ்தி. மேல செம்பு முலாம், உள்ள அலுமினியம், விலை கம்மி. ஒரு இழைய எடுத்து பிளேடால சுரண்டுங்க, செம்புக்குக் கீழ வெள்ளையா தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க, அதே அளவுல அது தாங்கற கரண்ட் கம்மி, லக்குக்குள்ளயும் நாளாக நாளாக இளகும். (வெளில வெள்ளையா இருந்து சுரண்டினா செம்பு தெரிஞ்சா அது ஈயம் பூசின நல்ல ஒயர், குழப்பிக்காதீங்க.) 2000 வாட் இன்வெர்ட்டருக்கு பேட்டரில இருந்து 70 ஸ்கொயர் எம்எம் கேபிள் வேணும், அதுவும் எவ்ளோ குட்டையா முடியுமோ அவ்ளோ குட்டையா. வீட்டு வயரிங்ல போடற ஒத்தக் கம்பி ஒயர் வண்டிக்கு ஆகவே ஆகாது, அதிர்ந்து அதிர்ந்து ஒடையும், நுண்ணிழை ஒயர் தான் போடணும். ஷீட்ல ஓட்டை போட்டா ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்புல மாட்டற வளையம்) போடாம ஒயரை இழுக்காதீங்க. பிளைவுட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒயர் போற பாதைய ஒவ்வொரு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஆறு மாசம் கழிச்சு ஷெல்ஃப் மாட்ட ஸ்க்ரூ அடிக்கறப்ப அது தான் காப்பாத்தும்.

ஃபிரிட்ஜ் அடிக்கடி நிக்குதுன்னு பேட்டரிய மாத்தறவங்களுக்கு ஒண்ணு. அஞ்சு மீட்டர் தள்ளி இருக்கற, 5 ஆம்ப்ஸ் இழுக்கற ஃபிரிட்ஜுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டா போக வர பத்து மீட்டர்ல அரை வோல்ட்டுக்கு மேல தொலைஞ்சிடும், கம்ப்ரஸர் கிளம்பற நேரத்துல இன்னும் மோசம். 6 ஸ்கொயர் போட்டா 0.15 வோல்ட் தான் போகும். பேட்டரி நல்லா இருக்கும், ஒயர் தான் மெலிசு.

ஆல்டர்னேட்டர்ல இருந்து நேரா லித்தியத்துக்கு ஒயர் இழுத்து சார்ஜ் பண்றதும் வேண்டாம். அந்த பேட்டரி குடுத்ததெல்லாம் வாங்கிக்கும், ஐடிலிங்ல ஃபேன் மெதுவா சுத்தறப்ப ஆல்டர்னேட்டர் வெந்துடும். நடுவுல கரண்ட்ட அளவா விடற டிசி டு டிசி சார்ஜர் கண்டிப்பா வேணும். குளிர் சைபர் டிகிரிக்குக் கீழ போற எடத்துக்குப் போறவங்க, அந்தக் குளிர்ல லித்தியத்த சார்ஜ் ஏத்தவே கூடாது, உள்ள செல் நிரந்தரமா கெட்டுடும், லோ டெம்ப் கட் ஆஃப் இருக்கற பிஎம்எஸ்ஸான்னு கேட்டு வாங்குங்க. சோலார் கண்ட்ரோலர்ல மாட்டறப்ப முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டறப்ப முதல்ல பேனல். அவ்ளோ தான்.

இன்வெர்ட்டரோட அந்தப் பக்கம் வர்றது வீட்டுக் கரண்ட் மாதிரியே கொல்லக்கூடியது, அத மறந்துடறாங்க. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச்) போட்டிருக்கேன், டெஸ்ட் பட்டன் அமுக்கினா விழுது, அதனால சேஃப்னு சொல்றாங்க. அந்த பட்டன் உள்ளுக்குள்ளயே வேலை செய்யறது, எர்த்தே இல்லனாலும் விழும். இன்வெர்ட்டர் அவுட்புட்ல நியூட்ரலும் எர்த்தும் இணையல, எர்த் வண்டி பாடியோட சேரலன்னா, நிஜமா ஒருத்தருக்கு அடிக்கறப்ப அது விழும்னு நம்ப முடியாது. உங்க இன்வெர்ட்டர் மேனுவல்ல என்ன சொல்லிருக்குன்னு பாத்து, அதுவும் வெளிக் கரண்ட் சொருகற மாதிரி வெச்சிருந்தா கட்டாயமா எலெக்ட்ரிஷியனைக் கூட்டிட்டு வந்து இந்த ஒரு வேலைய மட்டும் செய்ங்க. மத்ததெல்லாம் நீங்களே செய்ங்க, இத மட்டும் வேண்டாம், கேட்டுக்கறேன்.

கேஸ் அடுப்பு வெச்சிருந்தா சிலிண்டர் பெட்டி தனி, அதுக்குத் தரையோட தரையா வெளிய போற ஓட்டை. எல்பிஜி காத்தை விடக் கனம், கீழ தான் தேங்கும், அதனால கேஸ் டிடெக்டரும் தரை கிட்ட. கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்கற தலை பக்கத்துல. அதுக்கு வாசனை கெடையாது, நெறம் கெடையாது, தூக்கத்துல முழிக்கவும் விடாது. குளிருதுன்னு அடுப்பைப் பத்த வெச்சுட்டுத் தூங்காதீங்க. வேண்டவே வேண்டாம்.

தண்ணிக்கு வர்றேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, 100 லிட்டர் டேங்க்னா நூறு கிலோ, அத பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி ஒரு ஓரமா மாட்டிட்டு வண்டி ஒரு பக்கம் இழுக்குதுன்னு அலைன்மென்ட் பாக்க வர்றாங்க. டேங்க் தாழ்வா, ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல இருக்கட்டும், உள்ள தடுப்பு இருக்கற டேங்க்கா பாருங்க, பாதி டேங்க் தண்ணி பிரேக் போடறப்ப முன்னாடி வந்து மோதும். டேங்க் நிரப்பி, ஆளுங்க ஏறி, சாமானெல்லாம் ஏத்தி எடை மேடைல ஒரு தடவை நிறுத்துங்க, பின் ஆக்ஸிலைத் தனியாவும் பாருங்க. டேங்க், ஹோஸ் ரெண்டும் குடிதண்ணிக்குன்னு போட்டிருக்கணும், தோட்டத்து ஹோஸ் கூடாது. வெளிச்சம் படற வெள்ளை டேங்க்ல பாசி புடிக்கும். ரொம்ப நாள் நின்ன தண்ணிய கீழ விட்டுட்டு, வாசனையோ சோப்போ கலக்காத 5 சதவீத பிளீச் இருந்தா லிட்டருக்கு ஒரு மில்லி கணக்குல கலந்து, எல்லா குழாயிலயும் அந்த வாசனை வர்ற வரைக்கும் ஓடவிட்டு, நாலு மணி நேரம் வெச்சிட்டு, அப்புறம் வாசனை போற வரைக்கும் நல்ல தண்ணில அலசுங்க.

தண்ணி பம்ப்ப மட்டும் பேட்டரிக்கு மேல தட்டுல வைக்காதீங்க. போன மாசம் ஒரு வண்டில பம்ப் ஃபிட்டிங்ல சொட்டு சொட்டா வடிஞ்சு நேரா பஸ் பார் (ஒயரெல்லாம் வந்து சேர்ற உலோகப் பட்டை) மேல விழுந்து பச்சை பூத்துப் போயிருந்துச்சு, அவங்க ஃபிரிட்ஜ் கெட்டுடுச்சுன்னு சொல்லித் தான் கொண்டு வந்தாங்க. பம்ப்புக்குத் தனி ஸ்விட்ச் வைங்க, வண்டி ஓடறப்பவும் தூங்கறப்பவும் அது ஆஃப்ல இருக்கட்டும், குழாய் இணைப்பு ஒண்ணு கழண்டா டேங்க் காலியாகற வரைக்கும் பம்ப் நிறுத்தாம அடிச்சு ஊத்தும்.

எல்லாம் முடிஞ்சதும் நேரா மலைக்குக் கெளம்பிடாதீங்க. கட்டில் பலகைய மூடறதுக்கு முன்னாடி, இன்வெர்ட்டர்ல பெரிய லோடு போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆஃப் பண்ணிட்டு, கைல இருக்கற மோதிரத்தையும் வாட்சையும் கழட்டிட்டு, புறங்கைய கிட்ட கொண்டு போய் ஒவ்வொரு லக்கா பாருங்க. ஒண்ணு மட்டும் மத்ததை விட சூடா இருந்தா அத வெட்டிப் போட்டு புதுசா கிரிம்ப் பண்ணுங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் இதையே இன்னொரு தடவை, நட்டையும் ஸ்பேனர் போட்டு டைட் பாத்துடுங்க, ஸ்பேனர் கைப்பிடில டேப் சுத்தியிருக்கணும்.